பலவகை, நாலு கிலோ அறுநூறு

கோர்பு மலைக்கு மூன்று இரவு, நான்கு பகல்.
பவளராணி வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில்
விடுப்புத் தாளில் மூன்றே கட்டங்கள்:
மரணம், மருத்துவம், திருமணம்.
மருத்துவத்தில் குறி போட்டுவிட்டு வந்து
என் காதில் சிரித்தாள்.

எனக்குத் தாள் இல்லை. தவுக்கேயிடம் சொன்னேன்.
"மலைமேல் யார் இருக்கிறார்கள்?" என்றார்.
யாருமில்லை என்றேன்.
"அப்படியானால் சரி."

சுங்கை சிப்புட்டில் மணி ஆறு.
கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியாயிற்று.
பதினோரு வருடமாய் இந்த மேடைத் தராசின் முள்ளைப் பார்த்து
ஊரார் செம்பை, பித்தளையை, செத்த ஃப்ரிட்ஜை
எண்ணாக்கி எழுதிய கை
இன்று முதுகுப்பை ஒன்றைத் தூக்கி அதில் வைக்கிறது.

பதினேழு கிலோ நானூறு.

பதிமூன்றைத் தாண்டக் கூடாது;
தாண்டினால் மலை ஒன்றும் சொல்லாது,
முழங்கால்தான் சொல்லும் என்று
குரல் செய்தி அனுப்பியிருந்தார் வழிகாட்டி அஸ்ரி.

பை பவளராணியின் தம்பியுடையது.
தேசிய சேவைக்குப் போய்வந்த பை.
இடது வாரில் ரஃபியா கயிறு,
உள்பையில் யாரோ ஒரு பெண்ணின் தொலைபேசி எண்.
காலணி மட்டும் எனக்கென்று வாங்கியது:
கறுப்பு ரப்பர், அடியில் முட்கள், பன்னிரண்டு வெள்ளி.
"எந்தத் தோட்டம்? பால்வெட்டா, செம்பனையா?"
கடைக்காரர் கேட்டார்.
மலை என்றேன்.
மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.

குடையை எடுத்தேன்.
மூன்றாவது சட்டையை, இரண்டாவது டார்ச்சை,
கெட்டிப்பால் டின்னை எடுத்தேன்.
அடியில் செய்தித்தாள் சுற்றிய பாராங் கத்தி.
என் கணவர் அமிர்தலிங்கம் வைத்தது, யானைக்காக.
யானையை இதை வைத்து என்ன செய்ய என்று நேற்றே கேட்டிருந்தேன்.
"அதுக்கும் உனக்கும் நடுவுல
ஏதாச்சும் ஒண்ணு இருக்கட்டுமே."
அதை வெளியே வைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

அட்டைக்குப் புகையிலை இருக்கட்டும்.
கோடாலித் தைலம் இருக்கட்டும்.
மைலோ டின்னில் நெத்திலிச் சம்பல்,
அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.
லோஷினி செருகிய பவர்பேங்க்:
அங்கே அலைவரிசை இல்லையடி என்றால்
"அப்ப போட்டோ எப்படிம்மா எடுப்பே?"
இருக்கட்டும்.

பதிமூன்று நூற்றைம்பது.

கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார் தவுக்கே.
என் எவர்சில்வர் சட்டியை உள்ளிருந்து உருவி
கையில் ஏந்திப் பார்த்து முகம் சுளித்தார்.
அலுமினியக் குவியலில் முழங்கை வரை விட்டு
நசுங்கிய பட்டாளத்து டப்பா ஒன்றைத் தோண்டினார்.
அடியில் ஏதோ ஒரு சிப்பாயின் எண்.
குழாயடியில் தானே தேய்த்துக் கழுவினார்.
"மூன்று வெள்ளி. சம்பளத்தில் கழிப்பேன்."
கழிக்கவும் செய்வார்.

பன்னிரண்டு எண்ணூறு.

பிறகு பையை மாட்டிக்கொண்டு
தராசின்மேல் நானே ஏறி நின்றேன்.
இத்தனை வருடத்தில் இது முதல் முறை.
எழுபத்தொன்று முன்னூறு.
டின்னோடு வந்தால் டின்னைக் கழி,
சாக்கோடு வந்தால் சாக்கைக் கழி,
அதுதான் என் வேலை.
இன்று எதையும் கழிக்கவில்லை.

இறங்குவதற்குள்
வெளியே எடுத்ததையெல்லாம் வாரித் தராசில் போட்டு
ரசீதுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார் தவுக்கே:
'பலவகை, 4.6 கிலோ. விற்பனைக்கல்ல.
வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்ளவும்.'

வேன் விடிகாலை நான்கு மணிக்கு.
கம்பத்து ரோட்டில் பையோடு நடந்தேன்.
தினமும் என் கையில் பிஸ்கட் வாங்கித் தின்னும் நாய்
இந்தப் புதுக் கூன் முதுகைப் பார்த்து
ஊரைக் கூட்டிக் குரைத்தது.
அப்புறம் மூக்கை உயர்த்தியது.
நெத்திலி.
வீட்டு வாசல்வரை
ஒரு வார்த்தை பேசாமல் கூடவே வந்தது.